கார்த்திகையில் வந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். போன வருஷம் பழைய மாணவன் ஒருவன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் அவன் ஊர். ஊருக்கு மேற்கே இருக்கும் செம்மண் மேட்டில் கிராவல் எடுக்க யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள். அதோடு வைத்த சுற்றுச்சூழல் அறிக்கை அது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், சின்ன குவாரிக்கும் இப்போது அறிக்கை உண்டு. அதில் தாவரங்களுக்கு மூன்றே வரி. ஆங்காங்கே முட்புதர், சொல்லிக்கொள்ளும்படி மரம் இல்லை, நீர்நிலை இல்லை. கள ஆய்வு எப்போது நடந்தது என்று தேடினேன். மே மாதம்.

எழுதியவர் பொய் சொல்லவில்லை. மே மாத வெயிலில் அந்த மேட்டில் என்னை நிறுத்தியிருந்தாலும் பத்து நிமிஷத்தில் அதையே எழுதிவிட்டு நிழல் தேடி ஓடியிருப்பேன். வருவாய்க் கணக்கிலும் அது தீர்வை ஏற்படாத, அதாவது நிலவரி போடாத தரிசு. தரிசு என்று ஒரு முறை எழுதிவிட்டால் அப்புறம் அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் அவனோடு போனேன். முரம்புப் பள்ளங்களில், அதாவது சரளை கலந்த செம்மண் பள்ளங்களில், கணுக்கால் அளவுத் தண்ணீர். அதற்குள் ஆரையும் கொட்டியும், ஓரத்தில் நீர்முள்ளி. ஈரமண்ணில் சட்டைப் பித்தான் அளவுக்குச் சிவப்பாக அழுகண்ணி. இலைமுடியில் பசைத்துளி வைத்துக்கொண்டு பூச்சி பிடித்துத் தின்னும் செடி. சத்தில்லாத ஈரமண்தான் அதற்கு வேண்டும். நல்ல வயலில் தேடினால் கிடைக்காது. இவையெல்லாம் மே மாதத்திலும் அங்கேதான் இருந்தன. கொட்டி கிழங்காக மண்ணுக்குள் இருந்தது. ஆரை தன் வித்துகளைக் கெட்டி உறைக்குள் வைத்திருக்கும். பல வருஷம் காய்ந்து கிடந்தாலும் அதற்கு உயிர் போகாது.

அந்த 'முட்புதர்' என்னவென்று பார்த்தேன். சூரை, காரை, களா. ஆடு வாய் வைக்க முடியாத அந்த முள்ளுக்குள் முழங்கால் உயரத்துக்குக் காசாவும் வீரையும் முளைத்திருந்தன. நீலப்பூப் பூக்கும் காயா என்று பழைய பாட்டில் வருவது இந்தக் காசாதான். முள்ளுக்குள் ஒளிந்த கன்று வளர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் நுழைந்தாலே தெரியும். மழை குறைந்த கரையோரத்திலும் இலை உதிராத காடு அது.

அறிக்கையின் பறவைப் பட்டியலில் 'பொதுவானவை' என்று போட்டு ஆள்காட்டியையும் சேர்த்திருந்தார்கள். ஆள்காட்டி குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. கோடையில் சரளைக்கு நடுவே லேசாகப் பள்ளம் செய்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். கல்லும் முட்டையும் ஒரே நிறம், மிதித்தால்தான் தெரியும். அந்த வெயிலில் முட்டை வெந்துவிடாதா? தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அப்படியானால் அந்தக் கோடையிலும் பக்கத்தில் எங்கோ தண்ணீர் இருந்திருக்க வேண்டும். மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டோம். மேட்டின் சரிவுக்கு அடியில் ஓர் ஊற்றுக்குட்டையைக் காட்டினார். கோடையிலும் மாடு குடிக்கத் தண்ணீர் இருக்குமாம். குவாரி எல்லைக்கல்லுக்கு நாற்பது அடி வெளியே இருக்கிறது. அதனால்தான் 'நீர்நிலை இல்லை'!

மழைநீர் முரம்புக்குள் இறங்கி, அடியில் இருக்கும் களிமண்ணைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிந்து வருகிறது. குட்டைக்கு வரும் ஊற்று அதுதான். குட்டை வழிந்தால் வாய்க்கால், வாய்க்கால் போய்ச் சேருவது ஏரி. இப்படி நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் தாண்டி வரும் தண்ணீர்தான் கழுவெளி என்கிற கடலோரப் பெரும் ஈரநிலத்தில் நிற்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயம், 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியல் என்று கழுவெளிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் 2017-ஆம் வருஷத்து ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று அமைத்த ஏரிகளை ஈரநிலம் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேட்டைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது.

குவாரிக்குழியில் தண்ணீர் நிற்குமே, அதுவும் நீர்நிலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும். ஆனால் செங்குத்தாக வெட்டிய குழிக்குக் கரைச்சரிவு கிடையாது. கொட்டிக்கும் ஆரைக்கும் வேண்டிய முழங்கால் ஆழம் அதில் எங்கே? ஊற்றுக்கும் ஏரிக்கும் போக வேண்டிய தண்ணீரும் அதிலேயே தங்கிவிடும். ஆடுமாடும் சில நேரம் பிள்ளைகளும் விழுந்து போவது தனிக்கதை.

கிராவலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் வீட்டு அடித்தளத்திலும் ஆறு லோடு கொட்டியிருக்கிறேன். அது எந்த மேட்டிலிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இந்த அறிக்கையைப் பற்றிக் கொடுக்கப்போகும் மனுவில் என்ன எழுதுவது என்று மாணவன் கேட்டான். மழைக்காலத்தில் இன்னொரு முறை ஆய்வு செய்ய வேண்டும். எல்லைக்கல்லோடு நிற்காமல் சரிவின் அடிவரை நடந்து, ஊற்றுக்குட்டையை வரைபடத்தில் காட்ட வேண்டும். முள்ளுக்குள் இருக்கும் கன்றுகளைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவன், கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தான்: ஆய்வுக்கு வருகிறவர்கள் மாடு மேய்க்கும் பெரியவரையும் உடன் அழைத்துப் போக வேண்டும்.