சொல் முதலில், மிருதங்கம் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "சார், மிருதங்கம் எங்க வாங்கலாம்?" என்றுதான். இப்போது வேண்டாம் என்பேன். பிள்ளையின் முகம் வாடிவிடும். ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு வாயும் இரண்டு கையும் இருந்தால் போதும்.

த தி தொம் நம். மிருதங்கத்தின் அடிகளை வாயால் சொல்லும் இந்தச் சொல்லில்தான் பாடம் தொடங்குகிறது. கூடவே கையால் ஆதி தாளம் போட வேண்டும். அதற்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அந்தச் சொல் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, இரண்டு முறை வரும். இரண்டாம் காலத்தில் நான்கு, மூன்றாம் காலத்தில் எட்டு. பிள்ளை குளிக்கும்போதும் பள்ளி வேனிலும் அதை முணுமுணுக்கிறதா, சொல் ஏறிவிட்டது. அப்புறம் வாங்குங்கள், சின்ன அளவில். பலாமரக் கட்டை கனமானது. பெரியவர்கள் வாசிப்பதைப் பிள்ளையின் காலில் ஏற்றிவைத்தால் கால் மரத்து, நினைப்பெல்லாம் வலியில்தான் இருக்கும்.

ஓர் அம்மா, "எனக்குச் சங்கீதமே தெரியாதுங்க சார்" என்று தயங்கினார். தாளம் மட்டும் போடுங்கள் என்றேன். தினமும் கால் மணி நேரம் மகன் எதிரில் உட்கார்ந்தார். இரண்டாம் காலம் வந்தாலே அவனுக்குக் கை தாளத்தை முந்திக்கொண்டு ஓடும். அவர் திட்ட மாட்டார். தொடையில் தட்டுவதைச் சற்று அழுத்துவார், அவ்வளவுதான். அவன் நிமிர்ந்து பார்ப்பான், நிதானத்துக்கு வந்துவிடுவான். நான் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தத் தட்டு அவனுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

ரவை பிசைகிற வேலையையும் அவனிடமே விட்டார். இடந்தலையின், அதாவது இடது பக்கத் தோலின், நடுவில் ஈர ரவையை அப்பினால்தான் தொம் கனத்து ஒலிக்கும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கெடும். அதைச் செய்யச் செய்ய, இது என் வாத்தியம் என்ற எண்ணம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடுகிறது.

அவனுக்கு வராமல் போக்குக் காட்டியது 'நம்' என்ற அடி. மோதிரவிரல், வலது பக்கத் தோலின் நடுவில் உள்ள கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். மோதிரவிரல் கொஞ்சம் அழுந்தினாலும் நாதம் செத்துவிடும். வாரக்கணக்கில் 'டக் டக்' என்றே கேட்டது. இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வந்தவர்கள் எதிரில் "வாசிச்சுக் காட்டுடா" என்பார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒரு நாளோடு வாத்தியத்தை மூடிவைத்திருக்கிறார்கள்.

அந்த அம்மா சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்த 'நம்' கணீரென்று விழுந்தது. பையன் கையை எடுத்துவிட்டு, நாதம் அடங்கும்வரை வலந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு, "அம்மா, தாளத்த நிறுத்தாத" என்றானாம்.