பால் கேனில் வந்த இரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டறியப்படும் ஒன்று எவ்வாறு விலைகொடுத்து வாங்கும் பொருளாகிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வி நெடுங்காலமாக என்னை விட்டபாடில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர் ஒருவர் இருக்கக்கூடும். இரத்தம் கட்டியாக உறைந்துவிடாமல் இருக்க அவர் நாள்தோறும் மாத்திரை விழுங்குவார், அவ்வப்போது பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பார், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்து மருத்துவர் அரை மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். கீரையை ஒருநாள் அதிகமாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் வரும். இவ்வகை மருந்துகளில் உலகெங்கும் பெயர் பெற்றது வார்ஃபரின். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்துகள் டபிள்யூ, ஏ, ஆர், எஃப். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்கள் நிறுவிய ஆராய்ச்சி அறக்கட்டளையுடைய பெயரின் முதலெழுத்துகளே அவை. கூமரின் என்ற வேதிப்பொருளின் பெயரிலிருந்து வால்பகுதியை எடுத்து அவற்றோடு ஒட்டவைத்தார்கள். ஒரு மருந்து தன் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைச் சுமந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடும் பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்துபோன கிடாரி ஒன்றையும், மாடுகள் தின்ற காய்ந்த தீவனத்தையும், உறையாத மாட்டு இரத்தம் நிறைந்த பால் கேன் ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரத்துக்குச் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். நமக்குப் புரியும்படி சொன்னால், ஏறத்தாழ சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் தொலைவு. அதையும் பனிப்புயலில் கடந்திருக்கிறார். அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து மடிந்துகொண்டிருந்தன. கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் அவர் தட்டிய கதவு, கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகக் கதவு. ஈரத்தில் பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனச்செடியே நோய்க்குக் காரணம் என்று கால்நடை அறிஞர்கள் முன்பே அறிந்திருந்தனர். அதில் உள்ள எந்தப் பொருள் மாட்டைக் கொல்கிறது என்பதுதான் எவருக்கும் தெரியாது. அந்தத் தீவனத்தைக் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர லிங்க்காலும் அன்று வேறொன்றும் சொல்ல முடியவில்லை. விவசாயி அதே பனியில் திரும்பிப் போனார்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1939இல்தான் அந்தப் பொருள் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஒட்டி உருவாக்கிய பல சேர்மங்களுள் ஒன்றான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் அதே பொருள் மனிதர்களுக்கும் மருந்தாயிற்று. 1955இல் மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் ஒரே பொருள்தான். வேறுபாடு அளவில் மட்டுமே இருக்கிறது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் அந்த ஆறு ஆண்டுகள். விற்க ஒரு பொருளும் இல்லாத அந்த ஆண்டுகளில் லிங்க்கின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? அந்த அறக்கட்டளைதான். அறக்கட்டளைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இன்னும் பத்தாண்டு பின்னே போகவேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், உணவின்மீது புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி உண்டாகிறது என்று 1923 வாக்கில் கண்டார். குழந்தைகளின் கால் எலும்புகள் வில்லாக வளையும் ரிக்கெட்ஸ் நோயை அதனால் தடுக்கலாம். தானிய உணவு தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்று ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் வரை தர முன்வந்ததாகச் சொல்வார்கள். அவர் அதைத் தனக்கென வாங்கிக்கொள்ளவில்லை; கண்டுபிடிப்பை எவரும் எப்படியும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. சொந்தப் பணம் 300 டாலரைச் செலவிட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகம் தயங்கியது. முன்னாள் மாணவர் ஒன்பது பேர் ஆளுக்கு 100 டாலர் போட, 1925இல் அறக்கட்டளை பிறந்தது. மொத்த முதல் 900 டாலர்! உரிமம் பெற்ற நிறுவனங்கள் கட்டிய தொகை அறக்கட்டளைக்கு வந்து, அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் வேறு ஆய்வுகளுக்குப் போயிற்று. குழந்தைகளின் எலும்புக்காக வந்த பணம்தான், பால் கேனில் வந்த இரத்தத்துக்கு விடை தேடித் தந்தது.

இதைத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். கண்டுபிடிப்பவரும் வாங்குபவரும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் நின்று, பொருளை அந்தப் பக்கமும் பணத்தை இந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார் என்பதே என் கேள்வி.

அறக்கட்டளையை நான் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்கவேண்டாம். விஸ்கான்சின் பால்வளத்தை நம்பி வாழும் மாநிலம் என்பதால், வெண்ணெய்க்குப் போட்டியான மார்ஜரின் தயாரிப்பாளர்களுக்கு அந்த அறக்கட்டளை வைட்டமின் உரிமம் தர மறுத்தது. வெண்ணெய் வாங்க இயலாத ஏழைகள் உண்டது மார்ஜரினைத்தான். வைட்டமின் அதிகம் தேவைப்பட்டதும் அவர்களுடைய குழந்தைகளுக்குத்தான். 1940களின் நடுவில் நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்றபோது நான் அங்கே இருந்திருந்தால் வருந்தியிருக்க மாட்டேன்.

நடுவில் நிற்பவருக்கு இன்னொரு சான்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் ரைமர்ஸ். 1970இல் அங்கே தொழில்நுட்ப உரிம அலுவலகத்தைத் தொடங்கியவர் அவர். ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் முறையை ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். ரைமர்ஸ் அதை அறிந்தது 1974 மே மாதம், நாளிதழ்ச் செய்தியிலிருந்து. கட்டுரை வெளிவந்த ஓராண்டுக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம்; பல நாடுகளில் அந்தச் சலுகையும் கிடையாது. தயங்கிய கோஹனை இணங்கவைத்து, ஓராண்டு முடிய ஒரு வாரமே இருக்கும்போது விண்ணப்பம் போயிற்று. வெளிநாட்டு உரிமை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

ஒரே நிறுவனத்துக்கு முழு உரிமையையும் விற்றுவிடாமல், கேட்டவர்க்கெல்லாம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் போன்ற எளிய கட்டணத்தில் உரிமம் கொடுத்தார்கள். விற்பனையில் சிறு விழுக்காடு ராயல்டியாக வந்தது. கல்விக்கூட ஆய்வுகளுக்குக் கட்டணமே இல்லை. 1997இல் காப்புரிமைக் காலம் முடிவதற்குள் 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றன; 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் வழக்கப்படி, அலுவலகச் செலவு போக எஞ்சியது கண்டுபிடித்தவருக்கும், துறைக்கும், புலத்துக்கும் மூன்றில் ஒரு பங்காகப் பிரியும். பணம் வருவதற்கு முன்பே பங்கைத் தீர்மானித்துவிட்டதுதான் சிறப்பு. வந்தபின் பேசினால் அண்ணன் தம்பிக்குள்ளும் வழக்காகிவிடும். போயர் 1976இல், முதலீட்டாளர் ஒருவருடன் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனென்டெக் என்ற உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது தனிக்கதை.

இப்போது என் காரணம். எங்கள் துறையில், இலைச்சாற்றிலிருந்து இரும்பு துருப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும் பொருளை எடுக்கும் ஆய்வை மாணவர் ஒருவர் செய்தார். முடிவு நன்றாக இருந்தது. பட்டம் பெறக் கட்டுரை வேண்டும் என்பதால் ஆய்விதழில் உடனே வெளியிட்டோம். வெளியிடச் சொன்னவன் நான்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, கோவைப் பக்கத்திலிருந்து பம்பு தயாரிப்பாளர் ஒருவர் தேடி வந்தார். "ஐயா, நான் கடன் வாங்கி, எந்திரம் வாங்கி, ஒரு வருடம் சோதித்துப் பார்த்துக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு, பக்கத்துப் பட்டறைக்காரர் உங்கள் கட்டுரையைப் படித்து அதையே செய்தால் என் கடனை யார் கட்டுவது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கட்டுரை வெளியான அன்றே, காப்புரிமைக்கு வேண்டிய புதுமை என்ற தகுதி போய்விட்டது. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். என் கடிதம் 'இதரவை' என்று எழுதிய கோப்புக்குள் போயிற்று. எவர் வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்த அந்தப் பொருளை இன்றுவரை எவரும் செய்யவில்லை.

கட்டுரை வெளியிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் வெளியிடுங்கள் என்கிறேன். நடுவில் நிற்க ஓர் ஆள் இருந்திருந்தால் எனக்கு அதைச் சொல்லியிருப்பார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடங்கள்தான் இருக்கின்றன. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிசெய்த 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் பே-டோல் சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அதைப் போன்றதொரு மசோதா 2008இல் நம் மாநிலங்களவையில் அறிமுகமாகிச் சட்டமாகாமலே போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சட்டத்துக்குக் காத்திராமல் நடந்ததும் உண்டு. சென்னைத் தரமணியில் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியில் உருவானது. அங்கே இடம்பிடித்த நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஐ.ஐ.டி.யின் ஆசிரியர், மாணவருடன் சேர்ந்து பணியாற்றி அதற்கான மதிப்புப் புள்ளிகளையும் ஈட்டவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டரின் தொடக்கமும் அதே வளாகம்தான். பேராசிரியர் பிரதீப்பின் வெள்ளி நுண்துகள் ஆய்வு, குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் வடிகட்டியாக 2007லேயே வீடுகளுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தத் தாளின் கடைசிப் பக்கத்தை எழுதிவைத்திருந்தேன். நேரமாகிவிட்டது. வணக்கம்.