பிரிட்டனின் கிட்டார் நாயகர்கள் ஏன் அருகிப் போனார்கள்?

அனைவருக்கும் வணக்கம்.

எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ். மூவருமே லண்டனை ஒட்டிய சர்ரே வட்டாரத்தில் வளர்ந்த பையன்கள். மூவரும் ஓவியக் கல்லூரிப் படியேறியவர்கள், அடுத்தடுத்து யார்ட்பேர்ட்ஸ் என்ற ஒரே குழுவில் வாசித்தவர்கள். பெக் 2023 ஜனவரியில் காலமானார். இன்று அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு மூவர் அப்படிக் கிளம்பி வருவார்களா? கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். திறமைக்குப் பஞ்சமில்லை. யூடியூபைத் திறந்தால் பள்ளிப் பிள்ளைகள் மின்னல் வேகத்தில் வாசிக்கிறார்கள். அவர்களை ஏற்றிவிடும் மேடைதான் இல்லை.

அந்த மேடை என்ன செய்தது என்று பாருங்கள். 1966, லண்டனில் டெக்கா ஸ்டுடியோ. ஜான் மேயாலின் ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழுவின் ஒலிப்பதிவு. 21 வயது கிளாப்டன் தன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, கிளப்பில் வாசிக்கிற அதே சத்தத்தில் வாசித்தார். குறைக்கச் சொன்னார்கள், அவர் மசியவில்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் வால்வுகள் என்ற கண்ணாடிக் குழாய்கள் திணறும்போது வருகிற அந்தத் தடித்த, இழுவையான ஒலி பதிவாகிவிட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்கு ராக் கிட்டார் என்றாலே அந்த ஒலிதான். இரவுக்கு இரவு சின்னச் சின்னக் கிளப்புகளில் வாசித்துப் பழகியவருக்குத்தான் அந்தப் பிடிவாதம் வரும்.

பர்மிங்ஹாமில், பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி கதை இன்னும் கடுமையானது. 1965இல் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். பிளாக் சாபத்தின் கனத்த ஒலியில் அந்த விரல்களுக்கும் பங்குண்டு.

சரி, சரிவு எப்போது தொடங்கியது? முதல் அடி ரசனையிலிருந்து வந்தது. 1976 வாக்கில், பங்க் என்ற எளிமையான, முரட்டு ராக் இசையில் இறங்கிய இளைஞர்களுக்கு நீண்ட சோலோக்கள், அதாவது கிட்டார் தனித்து முழங்கும் பகுதிகள், சலித்துவிட்டன. அந்தச் சலிப்பில் நியாயம் இருந்தது. எண்பதுகளில் தி ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் சோலோவை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, பாட்டு முழுக்கக் கிட்டாரை இழை இழையாகப் பின்னினார். எனக்கு அது எந்த சோலோவுக்கும் குறைந்ததல்ல. அப்புறம் மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசரும், பதிவான ஒலித் துண்டுகளை எடுத்து வாசிக்கும் சாம்ப்ளரும் வந்தன. அவற்றின் மேல் எனக்கு வருத்தமில்லை, அவையும் நல்ல இசை தந்தன.

என் வருத்தமெல்லாம் இரண்டாவது அடியைப் பற்றித்தான். அது காசு சார்ந்தது. கிளாப்டன் கிங்ஸ்டன் ஓவியக் கல்லூரியில் சரியாகப் படிக்காமல் ஒரே ஆண்டில் வெளியேற்றப்பட்டார். அன்று அப்படித் தோற்றாலும் தலையில் கடன் ஏறவில்லை. இங்கிலாந்தில் 1998இல் பல்கலைக்கழகக் கட்டணம் வந்தது, 2012இல் அது ஆண்டுக்கு 9,000 பவுண்ட் வரை போனது. லண்டன் வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023இல் மட்டும் பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அரங்குகள் மூடப்பட்டன, அல்லது நேரடி இசையை நிறுத்திக்கொண்டன. ஒரு குழுவுக்கு நாலு பேர், ஒத்திகை அறை, சாமான் ஏற்ற ஒரு வேன் வேண்டும். லேப்டாப்பில் இசையமைப்பவருக்கு ஒரு படுக்கையறை போதும். பதினெட்டு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? நாற்பது பேர் முன்னால் தப்பும் தவறுமாக வாசித்து, மறுவாரம் அதே மேடையில் கொஞ்சம் சரியாக வாசிக்கிற வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குப் போய்விட்டது.

பெரிய அரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 1 பவுண்டை இந்தச் சிறு அரங்குகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை பிரிட்டன் அரசு 2024இல் ஆதரித்தது. ஆனால் விருப்பமுள்ளவர்கள் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டது. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். இன்று ஸ்டேடியங்களை நிரப்பும் குழுக்களில் பலவும் அந்தச் சின்ன மேடைகளில் வாசித்து வந்தவைதான்.