வரைபடத்தில் ஏறாத தடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் பக்கத்து மலையடிவாரச் சாலைகளில் கட்டைகட்டையாய்ப் பிடிப்பு உள்ள டயர் போட்ட ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மோட்டார் சைக்கிள்கள் நான்கைந்து சேர்ந்தாற்போலப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் அவர்களுடைய பயணமே தொடங்கும். பொத்தை என்கிற சிறு குன்றைச் சுற்றுகிற மாட்டுத்தடம், ஓடை மணல், தேரி என்கிற செம்மணல் மேடு என்று போவார்கள். அந்த ஓட்டத்தில் ஆசை உள்ளவர்களுக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டு எரிச்சல்படுகிற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே இன்றைக்குப் பேசுகிறேன். காட்டையும் காட்டோரத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று அரசாங்கம் திட்டம் எழுதும்போது வண்டி ஓட்டுகிறவர்களும் வந்து உட்கார வேண்டும். வரும்போது கையில் அளவுகள் இருக்க வேண்டும்.

கேட்கவே கூடாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் அமைந்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. மையப்பகுதி 895 சதுர கிலோமீட்டர், அதை ஒட்டிய வெளிமண்டலம் ஏறக்குறைய 706 சதுர கிலோமீட்டர். மையப்பகுதிக்குள் வண்டி ஓட்டத் தடம் கேட்பது வீண் வேலை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நுழைவதையே அனுமதிக்கு உட்பட்டதாக வைத்திருக்கிறது. அதற்கு வெளியே இருக்கிற காப்புக்காட்டிலும், 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். இந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். தாமிரபரணியும் மணிமுத்தாறும் பிறக்கிற சரிவுகள் அவை. அங்கே கரைகிற மண் கீழே அணைக்கட்டில் வந்து படியும்.

இதை ஒப்புக்கொண்டு பேசத் தொடங்குகிறவருக்குத்தான் வெளிமண்டலத்தைப் பற்றியும் காட்டுக்கு வெளியே உள்ள நிலத்தைப் பற்றியும் வாய் திறக்க இடம் கிடைக்கும். நம் பக்கத்தில் இப்போது நடப்பது தலைகீழ். முதலில் ஓட்டிவிடுகிறார்கள். கேட் போட்டுப் பூட்டின பிறகு, இல்லையென்றால் குறுக்கே பள்ளம் தோண்டின பிறகு, திறந்துவிடுங்கள் என்று மனு எழுதுகிறார்கள். அதற்குள் திட்டம் எழுதிக் கையெழுத்தாகி முடிந்திருக்கும்.

எந்த நேரத்தில் போக வேண்டும்? காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று வனக்கோட்டங்களுக்கு எழுதுகிற பணித்திட்டம் வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒன்று. புலிகள் காப்பகத்துக்குத் தனியாகப் புலிப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. வெளிமண்டல எல்லையைக் கிராம சபையைக் கலந்துகொண்டுதான் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது கட்டுப்பாடுகள் உள்ள பகுதி, அறிவிக்கிறபோது வரைவை அரசிதழில் போடுவார்கள். அன்றிலிருந்து 60 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபமோ யோசனையோ எழுதி அனுப்பலாம். இறுதி அறிவிக்கை வந்த பிறகு, உள்ளூர் மக்களைக் கலந்து மாநில அரசு மண்டலப் பெருந்திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். வழக்கமாக அதற்கு இரண்டு ஆண்டு தவணை. எந்தச் சாலையில் எந்த வண்டி, இரவுப் போக்குவரத்து உண்டா என்பதெல்லாம் அதில் எழுதப்படுகிறவை. உங்கள் பகுதித் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

தடங்களுக்குத் திட்டம் எழுதுகிற இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. 2005இல் அங்குள்ள வனத்துறை ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு தேசிய வனமும் தன்னிடம் உள்ள சாலைகளையும் தடங்களையும் எடுத்து, எந்தத் தடத்தில், எந்த வகை வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்று முடிவுசெய்து வரைபடமாக வெளியிட வேண்டும். வரைபடத்தில் ஏறாத தடத்தில் வண்டி போகக் கூடாது. அங்கே பலகை இருக்கிறதா, கேட் இருக்கிறதா என்பது பேச்சே இல்லை. பல ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்த தடமாக இருந்தாலும், கணக்கெடுக்கும்போது யாரும் சொல்லாமல் விட்டால் அது வரைபடத்துக்குள் வராது.

அங்கே இன்னொரு நடைமுறையும் உண்டு. வனத்திட்டத்தின் வரைவு வரும்போது எழுத்தில் கருத்துச் சொன்னவருக்குத்தான், கடைசிக் கட்டத்தில் ஆட்சேபம் எழுப்பவும் பொதுவாக உரிமை. முதலில் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் வந்து சத்தம் போட முடியாது. பணத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். சாலைக்கு வெளியே ஓடுகிற வண்டிகள் எரிக்கிற எரிபொருளின் வரியைக் கணக்கில் வைத்து, 1991 முதல் தடப் பராமரிப்புக்கு ஒரு நிதி இருக்கிறது. அதில் நூற்றுக்கு முப்பது மோட்டார் தடங்களுக்கு. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதையும் கேட்கிறவர்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சரி, எப்படிப்பட்ட மனு எடுபடும்? "எங்கள் பகுதியில் சாகசப் பயணத்துக்கு அனுமதி வழங்க வேண்டுகிறோம்" என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதிகாரி அதை வைத்து என்ன செய்ய முடியும்? மாதிரிக்கு இன்னொன்றைக் கேளுங்கள். "இன்ன ஊராட்சியில் இன்ன சர்வே எண்ணில் பொத்தைக்கு வடக்கே போகிற வண்டித்தடம். குளத்து மறுகாலிலிருந்து 240ஆவது மீட்டரில் தொடங்கி 60 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் நேராக இறங்குகிறது. சரிவு நூற்றுக்கு 22. நடுவில் 30 சென்டிமீட்டர் பள்ளம் விழுந்து, மண் குளத்துக்குள் போகிறது. இந்த 60 மீட்டரை மூடிவிட்டு, சரிவைச் சுற்றி 150 மீட்டரில் மாற்றுத்தடம் விடலாம். அதன் ஏற்றம் நூற்றுக்கு 9க்குள் அடங்கும். மூடுகிற வேலையை நாங்களே செய்கிறோம்." இதில் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, காரணம் இருக்கிறது, மாற்றும் இருக்கிறது. முக்கியமாக, எதை மூட வேண்டும் என்று ஓட்டுகிறவர்களே சொல்கிறார்கள். அதிகாரி நேரே போய் டேப்பை வைத்துப் பார்க்கலாம்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. பத்து மீட்டர் கயிறு, கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம், ஒரு ஸ்டீல் டேப், இரண்டு கம்பு போதும். கயிற்றின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையோடு பிடித்து, மறுமுனையைப் பள்ளத்துப்பக்கம் கம்பில் மட்டமாக ஏற்றிக் கட்டினால், அந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் சரிவு. ஒன்றரை மீட்டர் வந்தால் நூற்றுக்கு 15. தடத்தின் சரிவையும் அது ஏறுகிற மலைச்சரிவையும் தனித்தனியே அளக்க வேண்டும். மலைச்சரிவில் பாதியைத் தடத்தின் சரிவு தாண்டக் கூடாது என்பது தடம் போடுகிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. மலைச்சரிவு 22 என்றால் தடம் 11க்குள் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தின் வழியாகவே ஓடத் தொடங்கிவிடும். ஒட்டுமொத்தத் தடத்துக்கும் சராசரி 10 என்று வைத்துக்கொண்டால் நல்லது.

தண்ணீர் என்ன செய்கிறது என்று ஒரு மழையில் நின்று பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டயர்க் கட்டைகள் மேல்மண்ணைச் சுரண்டிப் பின்னால் எறியும். நான்கு விரல் அகலத்தில் ஒரு கோடு விழும். இறங்குகிறவர் பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைப் பூட்டி இழுத்தால் அதே கோடு இன்னும் ஆழமாகும். ஐப்பசி மழையின் முதல் தண்ணீர் அந்தக் கோட்டைத்தான் பிடிக்கும். முதலில் நுண்மண் கரையும். பிறகு சரளைக்கல் தனித்து நிற்கும். அதுவும் உருளத் தொடங்கினால் கோடு ஓடையாகிவிடும். அடுத்து வருகிற வண்டி அதில் இறங்கப் பயந்து பக்கத்துப் புல்லில் ஏறும். ஒரு முழ அகலத் தடம் இரண்டு மழைக்காலத்தில் லாரி போகிற அகலத்துக்கு விரிவது இப்படித்தான்.

குறுக்கே ஒரு மரத்தடியைப் புதைத்துத் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்று பலர் செய்கிறார்கள். மோட்டார் தடத்தில் அது நிற்காது. கட்டையின் மேல்பக்கம் மண் வந்து நிறையும், டயர் மோதி மோதிக் கட்டை தளரும், ஓட்டுகிறவரும் அதைச் சுற்றிப் போவார். அதைவிடத் தடத்தையே ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு மெல்ல இறங்கி ஏறும்படி வெட்டி, தாழ்ந்த இடத்தில் பள்ளத்துப்பக்கம் வாய் விட்டால் தண்ணீர் தானாக வெளியேறும். நூற்றுக்கு 10 ஏற்றத்தில் 25 மீட்டருக்கு ஒன்று வேண்டும். தடத்தின் குறுக்குவாட்டமும் பள்ளத்துப்பக்கம் நூற்றுக்கு ஐந்து சாய்வாக இருக்கட்டும். வாயில் சருகும் மண்ணும் அடைக்கும். புரட்டாசிக் கடைசியில் ஒரு தரம், மழை நடுவில் ஒரு தரம் மண்வெட்டி போட வேண்டும். ஓடையைக் கடக்கிற இடம் நேர் குறுக்காகவே இருக்க வேண்டும், இரு கரையிலும் கல் பாவியிருக்க வேண்டும். ஓடையோடு ஒட்டி ஓட்டவே கூடாது.

சத்தமும் நெருப்பும் மிச்சம். சைலன்சருக்குள் இருக்கிற தடுப்பைக் கழற்றி எறிவது சட்டத்துக்கும் விரோதம், உங்கள் கோரிக்கைக்கும் விரோதம். கலிபோர்னியாவில் புகைக்குழாய் முனையிலிருந்து 20 அங்குலம் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் கருவியை வைத்து அளக்கிறார்கள். பொதுவான வரம்பு 96 டெசிபல். நம் குழுக்கள் இதே முறையில் தங்கள் வண்டிகளைச் சோதித்துப் பட்டியலை மனுவோடு இணைக்கலாம். அங்கே தேசிய வனங்களில் புகைக்குழாயில் தீப்பொறியைத் தடுக்கும் அமைப்பும் கட்டாயம். 2018 மார்ச் 11இல் குரங்கணியில் பற்றிய தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் நடந்து போனவர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கே விதிகள் வந்தன. 2024இல் அரசு 40 நடைத்தடங்களைக் கட்டணம், முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்ற ஒழுங்கோடு திறந்தது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் காய்ந்த புல் பக்கம் போக மாட்டோம் என்று வண்டிக்காரர்களே எழுதிக் கொடுப்பதுதான் முறை.

நெல்லைச் சீமையில் எந்த இடத்தைக் கேட்கலாம்? சர்வே எண்ணை வைத்து, நிலம் என்ன வகை என்று சொல்கிற 'அ' பதிவேட்டையும் அதன் எல்லையைக் காட்டுகிற புலப்படத்தையும் இணையத்திலேயே பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். காடு என்று இருந்தால் விட்டுவிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றாலும் அப்படியே. மேய்ச்சல் நிலத்தில் கிடை போடுகிறவர்களின் பிழைப்பு இருக்கிறது. சிக்கல் குறைந்தது, சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு பட்டாப் புஞ்சை, கல்லும் கரம்பையுமாய்க் கிடக்கிற பரும்பு நிலம். தேரியைப் பலர் கேட்கிறார்கள். பார்க்க வெறும் மணல்போல இருந்தாலும் அங்கே மணலைப் பிடித்து வைத்திருப்பது உடைமரமும் பனையும் தரையோடு படர்கிற கொடியும்தான். கொடி அறுந்த இடத்தை ஆனி, ஆடி மேல்காற்று தோண்டி எடுத்துப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டும். தேரி ஓரத்து மண்சாலையோடு நின்றுகொள்வதுதான் என் யோசனை.

வாட்சப் குழுவோடு எந்த அலுவலகமும் ஒப்பந்தம் போடாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். பதிந்த பிறகு வனவரையும் வாட்சர் அண்ணாச்சியையும் ஊராட்சித் தலைவரையும் தடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குளத்துப் பாசனக்காரர்களை முதல் ஆளாக அழையுங்கள். மண் வந்து சேர்வது அவர்கள் குளத்தில்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அக்டோபர் 2 மழைக்கு முன்னால் வருகிறது. தடத்தில் 50 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் குறுக்கே கம்பை வைத்துப் பள்ளத்தின் ஆழத்தையும் தடத்தின் அகலத்தையும் அளந்து அந்தத் தாளை அன்றைக்குக் கொடுங்கள். அடுத்த சபை நவம்பர் 1, ஐப்பசி மழைக்குள். அதே குச்சிகளில் அளந்த இரண்டாவது தாளையும் கொண்டு போங்கள். ஆழம் கூடியிருந்தால் கூடியதாகவே எழுதி, எந்தக் குச்சியிலிருந்து எந்தக் குச்சிவரை மூடப் போகிறீர்கள் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.

வணக்கம்.