ஓராண்டு நிறுத்துங்கள், இரண்டு மழையையும் பார்த்துவிடலாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாகர்கோவில் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். "புதிய மனைப்பிரிவுகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் ஓராண்டு தற்காலிகத் தடை கேட்டு மாநகராட்சி தீர்மானம் போடுவது ஊருக்கு நன்மையா, இடையூறா?" என்பது இன்றைய தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

தடை வந்தால் கொத்தனாருக்கும் கையாளுக்கும் வேலை போகும் என்று எதிரணித் தலைவர் பேசினார். வெளிநாட்டில் வெயிலில் வேலை பார்த்து, ஊரில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவனைப் பற்றியும் பேசினார். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் கேட்கிற தடையில் அந்த வீடு வராது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மனையில் தனி வீடு கட்டலாம், மாடி எடுக்கலாம், பழைய வீட்டைப் புதுப்பிக்கலாம், அரசு வீட்டுத் திட்டமும் நடக்கலாம். கொத்தனாருக்குக் கூலி கிடைக்கிற இந்த வேலைகள் நிற்காது. நிற்கப்போவது வயலையும் ஓடைக்கரையையும் நிரப்பிப் போடுகிற புது லேஅவுட், அப்புறம் கால்வாயை ஒட்டி எழும்புகிற பெருங்கட்டடம். அதுவும் ஒரே ஒரு வருஷம்.

ஏன் ஒரு வருஷம், ஆறு மாதம் போதாதா என்று கேட்டார்கள். போதாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி இருக்கிறது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு. இந்த மண்ணில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததே அதனால்தான். ஒரு மழையில் தண்ணீர் போகிற வழி வேறு, குளங்கள் நிரம்பி நிற்கும்போது அடுத்த மழை பெய்தால் அது போகிற வழி வேறு. இரண்டையும் நேரில் பார்த்து, 52 வார்டுக்கும் தண்ணீர்ப் பாதையை வரைந்து வைக்க ஒரு முழு ஆண்டு வேண்டும். ஒரு பக்கம் வரைந்துகொண்டே, மறுபக்கம் அதே பாதையில் மண் நிரப்ப அனுமதி கொடுத்தால் வரைபடத்துக்கு என்ன மதிப்பு?

நடுவர் அவர்களே, நம் ஊர் தண்ணீர் தனித்தனியாக நிற்கிற தண்ணீர் இல்லை. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, அப்புறம் பெருஞ்சாணி, அங்கிருந்து அனந்தனாறு, நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு, தோவாளைக் கால்வாய், அவற்றின் கிளைகள், குளங்கள். மேல்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்கு. கடைசியில் பழையாறு வழியாக மணக்குடியில் கடலைச் சேரும். இடையில் இருக்கிற வயக்காடு முழுக்க அந்தத் தண்ணீரைத் தாங்கி, நிறுத்தி, மெதுவாக விடுகிற இடம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஏக்கர் வயலில் அரையடித் தண்ணீர் நின்றால் அது ஆறு லட்சம் லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஐம்பது லாரித் தண்ணீர். பத்து ஏக்கர் வயலை நாலடி உயரத்துக்குச் செம்மண் அடித்து பிளாட் போட்டால், ஐந்நூறு லாரித் தண்ணீர் தங்க இடமில்லாமல் வெளியே வரும். எங்கே போகும்? பக்கத்தில் தாத்தா காலத்தில் தாழ்வாகக் கட்டின ஓட்டு வீட்டின் அடுக்களைக்குள் போகும். புது பிளாட் வாங்கினவர் மேட்டில் இருப்பார். ஐம்பது வருஷமாக அங்கே குடியிருந்தவர் கட்டில் மேல் அரிசிச் சாக்கை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தச் செம்மண்ணும் ஏதோ ஒரு பொத்தையை வெட்டி எடுத்ததுதான். ஒரு அனுமதியில் மலையும் போகிறது, வயலும் போகிறது.

2021 நவம்பர் இந்த அவையில் யாருக்கு மறந்திருக்கும்? ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது, ரயில் தடத்தில் மண் சரிந்தது, முதலமைச்சர் வந்து பார்த்துப் போனார். மழையை யாராலும் தடுக்க முடியாது, சரி. பெய்த மழை போகிற பாதையை அடைக்காமல் இருக்க முடியுமே.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மா 2016-ஐ நினைவுபடுத்தினார். அந்த வருஷம் செப்டம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது. கல்யாணத்துக்காக நிலத்தை விற்க நினைத்தவர்கள் தவித்தார்கள் என்றார். உண்மைதான். ஏன் தவித்தார்கள்? தடை திடீரென்று வந்தது, என்று முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை, சிறு மனை வாங்கினவரும் அதில் சிக்கினார். உள்ளூர் நிர்வாகங்கள் பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டதால் நீதிமன்றம் தலையிட வேண்டி வந்தது. 2017-ல் அந்த மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறை விதிகள் வந்த பிறகு, "அப்ரூவல் உண்டா?" என்று கேட்காமல் யாரும் இங்கே மனை வாங்குவதில்லை. அம்மா சொன்ன உதாரணம் எங்கள் அணிக்குத்தான் வலு. நாமே நாள் குறித்து, விலக்குகளைச் சொல்லி நிறுத்தினால் யாரும் தவிக்க வேண்டாம்.

மனை விலை ஏறும் என்றார்கள். கொஞ்சம் ஏறலாம். வயலை அழிக்காத பிளாட்டுக்கு விலை கூடினால் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

சதுர கிலோமீட்டருக்கு மாநிலச் சராசரி 555 பேர், நம் மாவட்டத்தில் 1,100-க்கு மேல், அதனால் வீடுகள் வேண்டும் என்பது இன்னொரு வாதம். 2011 கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்கிறது. இவ்வளவு நெருக்கமான ஊரில் ஒரு கால்வாயை மூடிவிட்டால் மாற்றுப் பாதை வெட்ட இடமே கிடையாது. களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2008-லிருந்து நெல்வயலைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. பிறகு திருத்தங்கள் வந்து இளகினதும் உண்டு, மறைக்கவில்லை. இருந்தாலும் 1956 வரை நாமும் அவர்களும் ஒரே ஆட்சியில், முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். அதே மழை, அதே மாதிரி ஏலாக்கள், அதாவது வயல்வெளிகள். அவர்களுக்குத் தோன்றிய கவலை நமக்கும் வரவேண்டும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. குளத்துக்கு உலக மதிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஓடையில் காம்பவுண்டுச் சுவர் எழுப்ப விடலாமா?

மாமன்றம் தானாகத் தடை போட்டுவிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். தீர்மானம் போட்டு அரசுக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் அனுப்ப வேண்டும். அந்தத் தீர்மானத்திலேயே முடிகிற தேதி இருக்கட்டும். அதற்குள் வரைபடம் தயாராகாவிட்டால் தடை தானாக நீங்கட்டும், நீட்டிப்பு வேண்டாம். வரைபடத்தை வார்டு வாரியாக ஒட்டி, அந்தத் தெருக்காரர்கள் பார்த்துத் திருத்தம் சொல்ல ஒரு மாதம் கொடுக்கட்டும். நடுவர் அவர்கள் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால், இந்த நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.