புது டிராக்டரைச் சும்மா ஓட விடாதீர்கள்

வணக்கம். சம்பா அறுப்பு முடிந்து, வைக்கோல் கட்டும் வேலை மும்முரமாக நடக்கிற நேரம் இது. நெல் போட்ட காசு கையில் இருக்கும் இந்த மாதங்களில்தான் எங்கள் டெல்டாப் பக்கம் புது டிராக்டர் எடுப்பவர்களும் அதிகம். அதனால் புது வண்டியைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். டிராக்டர் பட்டறையில் வளர்ந்தவன் நான். ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னே என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது, அங்கேயும் போய்ப் படித்துவிட்டு வந்தேன். யார் கேட்டாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: புது வண்டியைச் சும்மா ஓட விடாதீர்கள்.

சும்மா ஓட விடுவது என்றால் என்ன? வரப்போரம் வண்டியை நிறுத்துகிறோம், எதிரே தெரிந்தவர் வருகிறார், இன்ஜினை அணைக்காமல் அரை மணி நேரம் பேசுகிறோம். டிரைவர் டீ குடிக்கப் போகிறார், வண்டி டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. புது வண்டி ஆயிற்றே, கஷ்டப்படுத்த வேண்டாம் என்று இரண்டு மூட்டை விதைநெல்லை மட்டும் ஏற்றிக்கொண்டு உருட்டிக்கொண்டே போகிறோம். இதையெல்லாம் வண்டி மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்கிறோம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் டீசல் இன்ஜினுக்கு அந்தப் பாசம் ஆகாது.

ஏன் ஆகாது என்று சொல்கிறேன். வீட்டில் புது அம்மி வாங்கினால் என்ன செய்வார்கள்? கொத்தின கல்லில் முதல் நாளே மிளகாய் வைத்து அரைப்பதில்லை. தவிட்டையோ பழைய சோற்றையோ வைத்து, அழுத்தி, நாலைந்து தடவை அரைத்துக் கழுவி, அதன் பிறகுதான் மசாலா. புது இன்ஜினும் அப்படித்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் லைனரின் உள்சுவரில் கம்பெனியிலேயே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு அனுப்புகிறார்கள், ஆயில் தங்குவதற்காக. அந்தச் சுவரும் பிஸ்டன் ரிங்கும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து படிய வேண்டும். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எது? அதன் சொந்த விசை கொஞ்சம்தான். உள்ளே டீசல் எரிந்து வரும் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுகிறதே, அதுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. வேலை கொடுத்தால் அழுத்தம், அழுத்தம் இருந்தால் ரிங் படியும். வேலை கொடுக்கவில்லை என்றால் ரிங் படியாது, சுவரில் தங்கிய ஆயில் தீய்ந்து வார்னிஷ் பூசினது மாதிரி கீறல்களை நிரப்பி விடும், சுவர் பளபளவென்று ஆகிவிடும். அப்படி முற்றிவிட்டால் நீலப் புகைதான், ஆயில் தின்கிற வண்டிதான். இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் போட்டால்தான், அதாவது சுவரில் அந்தக் கீறல்களைப் புதிதாகப் போட்டால்தான் உண்டு.

அதற்காக முதல் நாளே ஒன்பது கொழுக் கலப்பையை ஆழமாக இறக்கி உறும விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஆயில் சுற்றி வரட்டும், உடனே கிளம்பி விடுங்கள், சூடாவது வேலை செய்யும்போதே சூடாகட்டும். ஆக்சிலரேட்டரைத் தள்ளினால் வண்டி இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்கிற அளவுக்குக் கையில் மிச்சம் வைத்து ஓட்டுங்கள். தள்ளியும் ஆர்.பி.எம். ஏறாமல் முக்குகிறதா, ஒரு கியர் குறையுங்கள். ஒரே கியர், ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் சில நாள் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி ஆழச் சேற்றில் இறக்குவதைவிட, காய்ந்த நிலத்தில் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மேலாக வைத்து ஓட்டுவது நல்லது என்பது என் கருத்து. வேலை முடிந்ததும், இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போ ஆறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட விட்டு அணையுங்கள். சும்மா ஓடுவதற்கு நான் அனுமதி கொடுக்கும் நேரம் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான்.

பெரும்பாலான வண்டிகளுக்கு 50 மணியில் முதல் சர்வீஸ். உங்கள் வண்டியின் புத்தகத்தில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதன்படிதான். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. பழைய வண்டிகளில் மணி மீட்டர் இன்ஜின் சுற்றுவதை வைத்து எண்ணும். குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் மீட்டரில் ஒரு மணி ஏறாது. இப்போது வரும் எலக்ட்ரானிக் மீட்டர், இன்ஜின் ஓடினாலே நேரத்தை அப்படியே எண்ணிவிடும். மரத்தடியில் சும்மா நின்ற நேரமும் அந்த 50 மணிக்குள் வந்து உட்கார்ந்து கொள்கிறது. மீட்டர் 50 காட்டும், ரிங் பாதிகூடப் படிந்திருக்காது.

சரி, இப்போது இரண்டாவது விஷயம். 50 குதிரைச் சக்திக்கு மேல் உள்ள டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்ற புகை விதி வந்துவிட்டது. அதனால்தான் இப்போது பெரிய வண்டிகளில் டீசலை அதிக அழுத்தத்தில் அனுப்பும் காமன் ரயில் பம்பு, கம்ப்யூட்டர் எல்லாம். அவற்றில் சில மாடல்களில் சைலன்ஸர் வழியில் ஒரு வடிகட்டியும் இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். 45 குதிரைச் சக்தி வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை, இதுவரை சொன்னதே போதும். பெரிய வண்டி எடுப்பவர்கள், உங்கள் மாடலில் டி.பி.எஃப். இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இருந்தால், அதன் விளக்கு எது, பட்டன் எது என்று உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் டிரைவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.

அந்த வடிகட்டி ஒரு பீங்கான் கட்டி. உள்ளே பொடிப் பொடிக் குழாய்கள், ஒன்றுக்கு முன்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழாய்க்குப் பின்வாய் அடைத்திருக்கும். புகை சுவர் வழியாகத்தான் கசிந்து போக முடியும், கரி உள்ளேயே நின்றுவிடும். நிற்கிற கரியை எரித்துப் போக்க வேண்டும், அதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். வண்டி நன்றாக வேலை செய்து புகைப்பாதை 300 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் கரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சூடு போதவில்லை, கரி சேர்ந்துவிட்டது என்றால் கம்ப்யூட்டரே டீசலைக் கூடுதலாக அனுப்பி, வடிகட்டியை 600 டிகிரி வாக்கில் சூடாக்கி எரிக்கும். சும்மா ஓடும் இன்ஜினில் அந்த 300 டிகிரி எங்கிருந்து வரும்? கரிதான் வரும். பார்த்தீர்களா, ரிங் படியவும் வேலை வேண்டும், வடிகட்டி சுத்தமாகவும் வேலை வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கதையைச் சொன்னால் இது இன்னும் நன்றாகப் புரியும். எழுபது வயதுக்காரர், பெரிய வண்டி எடுத்திருந்தார். கோயிலில் பூஜை போட்டு, மாலை காயும் முன்னே வண்டிக்குத் துணி தைத்து மூடி வைத்தவர். இரண்டு மாதம் தண்ணீர் டேங்க் இழுக்கவும் ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டு போகவும்தான் வண்டி வெளியே வந்தது. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "தம்பி, என் வண்டி மாதிரி வண்டி கிடையாது. ஆயில் குறையவே இல்லை, ஏறியிருக்கு பாருங்க" என்றார், முகமெல்லாம் சந்தோஷம்.

எனக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. ஸ்டிக்கின் நுனியிலிருந்து சொட்டுவது ஆயில் சொட்டுவது மாதிரி இல்லை, தண்ணீராக ஓடுகிறது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பு நிற்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், டீசல் வாசனை. "ஐயா, இது ஆயில் ஏறினதில்லை, டீசல் இறங்கியிருக்கு" என்று சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

டிரைவர் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, ஒரு விளக்கு எரியும், அப்புறம் வண்டி தானா ரெய்ஸ் ஆகும், ஒரு மாதிரி தீஞ்ச வாடை வரும். பயந்துபோய் சாவியை ஆஃப் பண்ணிடுவேன்" என்றான். எத்தனை தடவை? வரும்போதெல்லாம்! நடந்தது இதுதான். கரியை எரிக்கப் பல இன்ஜின்களில் அந்தக் கூடுதல் டீசலைச் சிலிண்டர் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். அதில் கொஞ்சம் சுவரில் ஒட்டி ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஒரு தடவை முழுசாக எரிந்து முடிந்தால் பெரிதாகச் சேராது. பாதியில் அணைத்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி அணைத்தால், டீசல் சேர்ந்துகொண்டே போகும், கரியும் போகாது. ரிங் படியாத புது இன்ஜின் என்றால் இன்னும் சுலபமாக இறங்கும். அந்தத் தண்ணீர் ஆயிலில் டர்போவும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும்?

ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். வண்டியை வெட்ட வெளியில் நிறுத்தி, நியூட்ரல், பின்னால் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டு ஆஃப், பார்க்கிங் பிரேக் போட்டு, பட்டனை அழுத்தி ரீஜெனரேஷன் ஓட விட்டோம். அரை மணிக்கு மேல் ஆனது, பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அடுத்த நாள் காலையிலிருந்து மாலை வரை ரோட்டவேட்டரில் போட்டு ஓட்டச் சொன்னேன், மனசே இல்லாமல்தான் சம்மதித்தார். அதன் பிறகு அந்த விளக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே விளக்கு வந்தால் இன்ஜினை அணைக்காதீர்கள். வேலையில் இருந்தால் வேலையைத் தொடருங்கள், அது பாட்டுக்கு எரித்து முடிக்கும். தொடர்ந்து அலட்சியம் செய்தால் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும், பிறகு லேப்டாப்போடு ஆள் வந்தால்தான் சரியாகும். ஆயில் ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள். குறைந்தாலும் கேளுங்கள், ஏறினாலும் கேளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது வைக்கோல் சமயம் என்பதால் முதலில் இது. ரீஜெனரேஷன் ஓடும்போது சைலன்ஸர் பக்கம் கடும் சூடு இருக்கும். வைக்கோல் போர் பக்கத்திலோ கீற்றுக் கொட்டகையிலோ வண்டி இருந்தால் மட்டும், ரீஜெனரேஷனை நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்துங்கள், வண்டியை வெளியே கொண்டு வந்ததும் அந்தப் பட்டனை எடுத்துவிடுங்கள். வைக்கோல் கட்டும் பேலர் ஓட்டுகிறவர்கள் பானட்டுக்குள் சேரும் தூசும் சருகும் தினமும் ஊதித் தள்ள வேண்டும்.

ஆயில்: டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான், டப்பாவில் சி.கே. 4 அல்லது உங்கள் புத்தகத்தில் உள்ள தரம் போட்டிருக்கிறதா பாருங்கள். கரி எரிந்து போகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, பல ஆயிரம் மணிக்குப் பிறகு வடிகட்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். டீசல் பங்கில் மட்டும் போடுங்கள். 2020 ஏப்ரல் முதல் பங்கில் வருவது கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லாத டீசல், கேனில் மலிவாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வடிகட்டியை வெட்டி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டியும் போகும், சட்டப்படியும் தப்பு. அப்புறம் வீல் நட்டு. முதல் நாள் வேலை முடிந்ததும் இறுக்கிப் பாருங்கள், முதல் 50 மணி வரை அடிக்கடி பாருங்கள். அவ்வளவுதான், வணக்கம்.