'இன்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: முகப்பு ஒன்று, பொருள் மூன்று

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எளிதில் தீப்பற்றும் என்று பொருள். வேறு சில கலன்களில் 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் இருக்கும். அதற்கும் அதே பொருள்தான். 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் தவறு என்று படித்த பிள்ளை, இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே, முன்னால் இருக்கும் 'இன்'னை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959-இல் அதே முடிவுக்கு வந்தது.

குழப்பத்துக்குக் காரணம் இதுதான்: ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளாக நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே சொல்லுறுப்பு அல்ல. வெவ்வேறு வழிகளில் வந்த மூன்று உறுப்புகள் ஒரே உருவத்தில் நிற்கின்றன. நம் வகுப்பறைகளில் 'இன் என்றால் எதிர்ப்பதம்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது மூன்றில் ஒரு பங்குதான்.

முதலாவது, லத்தீனிலிருந்து வந்த எதிர்மறை. இன்விசிபிள், இன்கம்ப்ளீட், இன்டைரக்ட் எல்லாம் இந்த வகை. இரண்டாவதும் லத்தீன்தான், ஆனால் 'உள்ளே', 'மேலே' என்று பொருள் தரும். இன்ஜெக்ட், இன்ஹேல், இன்க்ளூட் ஆகியவை இந்த வகை. மூன்றாவது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. இன்கம், இன்புட், இன்சைட் போன்றவற்றில் இருப்பது நாம் தினமும் பயன்படுத்தும் அந்த 'இன்' என்ற முன்னிடைச்சொல்லேதான்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. சொல் வினையா, பெயரடையா என்று பாருங்கள். லத்தீன் எதிர்மறை உறுப்பு பெரும்பாலும் பெயரடையோடுதான் சேரும், வினையோடு நேராகச் சேராது. ஆகவே இம்போர்ட், இம்ப்ரிசன், இல்யூமினேட், இர்ரிகேட் போன்ற வினைகளைக் கண்டால் எதிர்மறையைத் தேடவே வேண்டாம். இர்ரிகேட் என்றால் நிலத்துக்குள் நீர் பாய்ச்சுவது. இன்வாலிடேட், இம்மொபிலைஸ் போன்ற சில வினைகள் இதற்கு மாறாகத் தெரியும். ஆனால் அவை ஏற்கெனவே எதிர்மறையாக இருந்த பெயரடையிலிருந்து பிறகு உருவான வினைகள்.

சிக்கல் வருவது 'ஏபிள்' என்று முடியும் பெயரடைகளில். அங்கே கேட்க வேண்டிய கேள்வி: 'இன்'னோடு சேர்ந்தே ஒரு வினை இருக்கிறதா? 'இன்ஃப்ளேம்' என்றொரு வினை இருக்கிறது. தீ மூட்டு என்று பொருள். அதன் மேல் 'ஏபிள்' ஏறியதுதான் இன்ஃப்ளேமபிள். 'இன்ஹேபிட்' என்ற வினை இருக்கிறது, குடியிரு. ஆகவே 'இன்ஹேபிடபிள்' என்றால் குடியிருக்கத் தக்கது. குடியிருக்க முடியாதது என்று சொல்ல 'அன்இன்ஹேபிடபிள்' என்று இன்னொரு முன்னொட்டைச் சேர்க்க வேண்டும். பிரெஞ்சில் இதே எழுத்துகளோடு உள்ள சொல் இன்றும் நேர் எதிராக, குடியிருக்க முடியாதது என்றே பொருள்படுகிறது. ஷேக்ஸ்பியரும் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில் அந்தப் பொருளில்தான் எழுதியிருக்கிறார்.

இனி 'இன்வேல்யூவபிள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்வேல்யூ' என்று வினை கிடையாது. எனவே இது எதிர்மறைதான். ஆனால் எதை மறுக்கிறது? மதிப்பை அல்ல, மதிப்பிடும் வேலையை மறுக்கிறது. விலை வைக்க முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள். ஒருவருடைய உதவியை இன்வேல்யூவபிள் என்றால் அது பெரிய பாராட்டு. மதிப்பே இல்லாதது என்று சொல்ல 'வேல்யூலெஸ்' அல்லது 'வர்த்லெஸ்' என்ற சொல் இருக்கிறது. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

'இன்ஃபமஸ்' என்பதும் அப்படியே. புகழ் இல்லாதவர் என்று அதற்குப் பொருள் இல்லை. கெட்ட பெயர் எடுத்து ஊரறிந்தவர். யாருக்கும் தெரியாத நல்ல கவிஞரை அப்படி எழுதினால் அவதூறாகிவிடும். உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'ஃபேமஸ்' என்ற ஒலியை அப்படியே வைத்து 'இன்ஃபேமஸ்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிடுவதால் நடு அசை தேய்ந்து 'இன்ஃபமஸ்' ஆகிறது. 'ஃபைனைட்' என்ற சொல் 'இன்ஃபினிட்' ஆவதும் இதே காரணத்தால்தான். 'இன்ஃபைனைட்' என்று சொல்வது பிழை.

அடுத்து எழுத்து மாற்றம். தமிழ் படித்தவர்களுக்கு இது எளிது, ஏனென்றால் நமக்குப் புணர்ச்சி தெரியும். 'நல்' என்பதும் 'நூல்' என்பதும் சேரும்போது லகரம் பின்வரும் எழுத்துக்கு இணங்கி 'நன்னூல்' ஆகிறது. லத்தீனிலும் அதே வேலை நடக்கிறது. பின்னால் பி (b), எம் (m) அல்லது பகர ஒலி (p) வந்தால் 'இன்' என்பது 'இம்' ஆகும்: இம்பேலன்ஸ், இம்மெச்சூர், இம்பாசிபிள். எல் வந்தால் இல்லீகல். ஆர் வந்தால் இர்ரெகுலர். இதைப் புரிந்துகொண்டால் எழுத்துக்கூட்டலும் தானாகச் சரியாகும். 'இம்மெச்சூர்' என்பதில் ஏன் இரண்டு எம்? ஒன்று முன்னொட்டுக்கு, ஒன்று சொல்லுக்கு. 'இமிடேட்' என்பதில் முன்னொட்டே இல்லை, ஆகவே ஒரே எம்.

அடிக்கடி தவறாக எழுதப்படும் ஒரு சொல், 'இனாக்குலேட்'. தடுப்பூசி போடுவது. பலரும் இரண்டு என் போடுகிறார்கள். லத்தீனில் 'ஆக்குலஸ்' என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அதே பெயர். ஒரு செடியின் மொட்டை இன்னொன்றில் வைத்து ஒட்டுக்கட்டுவதுதான் இச்சொல்லின் முதல் பொருள். 'இன்' முடிந்ததும் உயிரெழுத்து வருவதால் ஒரே என். மாறாக, தீங்கற்றது என்று பொருள்படும் 'இன்னாக்குவஸ்' என்பதில், தீங்கைக் குறிக்கும் அடிச்சொல்லே 'என்' எழுத்தில் தொடங்குவதால் இரண்டு.

ஆங்கிலத்தின் சொந்த 'இன்' இந்தப் புணர்ச்சிக்கு உட்படாது. மருத்துவமனையில் படுக்கையில் சேர்க்கப்பட்டவர் 'இன்பேஷன்ட்'. எழுதும்போது என் மாறாது. பொறுமையற்றவர் 'இம்பேஷன்ட்'. வேகமாகப் பேசும்போது இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். மருத்துவமனை அறிக்கையைத் தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தை மாற்றினால், உள்நோயாளிகளின் எண்ணிக்கை பொறுமையற்றவர்களின் எண்ணிக்கையாகிவிடும்.

'அன்' என்ற முன்னொட்டும் ஆங்கிலத்தின் சொந்தம்தான், அதுவும் மாறாது. 'லா' என்ற சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அதனால் 'அன்லாஃபுல்'. 'லீகல்' லத்தீன் வழி வந்தது, அதனால் 'இல்லீகல்'.

இந்த 'அன்', 'இன்' இரண்டுக்கும் இடையில் ஒரு வினோதம் இருக்கிறது. பெயரடையில் 'அன்' வரும், அதன் பெயர்ச்சொல்லில் 'இன்' வரும். அனேபிள், இனபிலிட்டி. அன்ஸ்டேபிள், இன்ஸ்டபிலிட்டி. அன்ஜஸ்ட், இன்ஜஸ்டிஸ். அன்கிரேட்ஃபுல், இன்கிராடிட்யூட். பெயர்ச்சொற்கள் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் முழுசாக வந்து இறங்கியவை. பெயரடைகளில் ஆங்கிலம் தன் சொந்த முன்னொட்டைப் போட்டுக்கொண்டது. இந்த இணைகளைச் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி; தேர்வுத் தாள்களில் 'அனபிலிட்டி' என்று வருவதெல்லாம் ஒன்றை மட்டும் படித்ததன் விளைவு.

இ, டி (-ed) என்ற எழுத்துகளில் முடியும் எச்ச வடிவங்கள் பெரும்பாலும் 'அன்'னையே ஏற்கும். 'இன்டெஃபினிட்' சரி, ஆனால் 'அன்டிஃபைன்ட்'. 'இன்டைஜெஷன்' சரி, ஆனால் 'அன்டைஜெஸ்டெட்'. 'இன்எக்ஸ்பீரியன்ஸ்ட்' மட்டும் விலக்குப் போலத் தோன்றும். அது 'இன்எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்ததால் 'இன்'னைத் தக்கவைத்துக்கொண்டது.

கடைசியாக, ஒரே எழுத்துகளில் எழுதி இரண்டு விதமாகச் சொல்லும் ஒன்று. வங்கியில் காசோலையைத் திருப்பும்போது 'இன்வாலிட்' என்பார்கள், இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்து, செல்லாதது. அதே எழுத்துகளை முதல் அசையில் அழுத்தி 'இன்வலிட்' என்றால் நெடுநாள் நோயால் முடங்கியவர். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: லத்தீனில் வலுவற்றது. இரண்டாவது பொருளில் ஒரு மனிதரைக் குறிப்பிடுவதை இன்று பலரும் புண்படுத்தும் பேச்சாகவே கருதுகிறார்கள். ஆகவே அதைப் பழைய எழுத்துகளில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.